நாகரத்தினத்துக்குப் பிடிக்காத ஒரு சொல்

மேட்டூரில் திறந்துவிடும்போது காவிரித் தண்ணீருக்கு வயது ஒன்று. துள்ளும், குதிக்கும், பாலத்தில் நின்று யாராவது பூப்போட்டால் வாங்கித் தலையில் வைத்துக்கொள்ளும். கல்லணைக்கு வரும்போது கல்யாண வயது. நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் மூணாறு தலைப்பில் மூன்றாகப் பாகம் பிரிந்ததும் குடும்பக் கவலை பிடித்துக்கொள்ளும். மன்னார்குடி தாண்டுவதற்குள் தலை நரைத்துவிடும். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, டவுன் பஸ் வந்து திரும்பிப் போகிற எங்கள் ஊர் மதகுக்கு அது வந்து சேரும்போது, கைத்தடி ஊன்றி, இருமிக்கொண்டு, "இது எந்த ஊரு?" என்று கேட்டபடிதான் வரும். என் காதால் கேட்டிருக்கிறேன்.

கடைமடை என்று இதற்குப் பெயர். ஆற்றுக்குக் கடைசி வயல்கள். இதற்கப்புறம் உப்பும் கடலும்தான். எதுவுமே நிச்சயமில்லாத இந்த ஊரில், எல்லாம் நிச்சயமாகத் தெரிந்தாக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்த ஒரே மனுஷி நாகரத்தினம்.

அவள் வீட்டுக் கூடத்தில் ஒரு தினசரிக் காலண்டர் தொங்கும். எல்லார் வீட்டிலும் தொங்குவதுதான். மற்றவர்கள் அன்றன்றைய தாளைக் கிழித்து, ராகுகாலம் பார்த்துவிட்டு, பின்பக்கத்தில் மளிகைச் சாமான் எழுதுவார்கள். நாகரத்தினம் ஆண்டு பிறந்த அன்றே ஊதாப் பேனாவும் கையுமாக உட்கார்ந்து, இன்னும் வராத நாட்களின் மேல் எழுத ஆரம்பித்துவிடுவாள். ஆவணியில் ஒரு தாளைத் தூக்கி 'விதை விடணும்'. புரட்டாசியில் 'நடவு'. கார்த்திகையில் 'ரெண்டாம் களை'. ஒரு தாளில் 'மாமியார் சண்டை' என்று எழுதியிருந்ததாகவும், அந்தத் தேதியில் மாமியார் தவறாமல் சண்டைக்கு வந்ததாகவும் சொல்வார்கள். மாமியார் கண்ணை மூடுகிற தேதியையும் குறித்து வைத்திருந்தாள், கிழவிதான் நான்கு நாள் தாமதம் செய்துவிட்டாள் என்று ஊரில் ஒரு பேச்சு. அபாண்டம். இரண்டு நாள்தான்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்தவர் பஞ்சநாதன். நல்ல மனிதர். முட்ட வருகிற மாட்டிடம்கூட 'கொஞ்சம் தள்ளிக்க தாயி' என்பார். அவரிடம் இருந்தது ஒரே ஒரு சொல். பெண் பார்க்க வந்த அன்று, கேசரியும் பஜ்ஜியும் தின்று முடித்த பிறகு, நாகரத்தினத்தின் தாய்மாமன், "என்ன மாப்ள, பொண்ணு புடிச்சிருக்கா?" என்று கேட்டார். பஞ்சநாதன் பிடரியைச் சொறிந்துகொண்டு, "பார்ப்போம்" என்றார்.

நம் பக்கத்தில் 'பார்ப்போம்' என்றால் என்ன பொருள் என்று தொட்டில் பிள்ளைக்கும் தெரியும். கதவைச் சாத்தியாயிற்று என்று பொருள். பெண் வீட்டில் அன்று மாலையே வேறு ஜாதகத்தைக் கையில் எடுத்துவிட்டார்கள். எட்டாம் நாள் பஞ்சநாதன் வீட்டார் பூவும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றபோது, நாகரத்தினத்தின் அப்பா, "நீங்க எந்த ஊருங்க?" என்று கேட்டாராம்.

"அன்னிக்கு எதுக்குங்க அப்படிச் சொன்னீங்க?" என்று கல்யாணமான மறுவாரம் அவள் கேட்டாள்.

"எப்படி?"

"பார்ப்போம்னு."

"பார்த்தேன்ல? பார்த்துட்டுத்தானே வந்தேன்."

அன்றிலிருந்து இருபத்தாறு வருஷம். தண்ணி எப்ப வரும்? பார்ப்போம். கூரையை இந்த வருஷமாவது மாத்திடலாமா? பார்ப்போம். சாயங்காலம் சாப்பாட்டுக்கு இருப்பீங்களா? பார்ப்போம். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் நாகரத்தினம் கையில் இருப்பதை ஓங்கி வைப்பாள். அந்த வீட்டுப் பாத்திரத்தில் நசுங்காதது ஒன்றுகூடக் கிடையாது. ஒரே மகள் வானதி சென்னையில் கம்பெனி வேலைக்குப் போனபோது அம்மா கொடுத்தனுப்பிய டிபன் பாக்ஸ்கூட ஒரு பக்கம் சப்பையாகத்தான் இருந்தது.

இனிச் சொல்லப்போவது போன ஆவணியில் தொடங்கியது. இதில் புளுகு இல்லை.

நாகரத்தினம் வீட்டுக்கு ஐந்து மா நிலம். மூன்று மா ஒரு ஏக்கர். வருஷத்துக்கு ஒரு சம்பா. அதில்தான் சாப்பாடு, அதில்தான் அடுத்த விதை. முந்தின மூன்று வருஷமும் சரியில்லை. ஒரு வருஷம் கதிரில் பாலேறும் சமயத்தில் வெள்ளம், ஒரு வருஷம் தண்ணீரில்லாமல் காய்ச்சல், மூன்றாம் வருஷம் அறுத்துக் குவித்த நெல் மழையில் நனைந்து குவியலிலேயே முளைத்துவிட்டது. மூன்று வருஷமும் பஞ்சநாதன், "அடுத்த வருஷம் பார்ப்போம்" என்றார். மூன்று வருஷமும் ஏதோ ஒரு பாத்திரம் நசுங்கியது.

ஆவணி இருபதாம் தேதி, காலண்டரில் எழுதியிருந்தபடி, குட்டைத் தண்ணீரை இஞ்சின் வைத்து இறைத்து நாற்றங்கால் விட்டாள். நீண்ட நாள் ரகம். நாற்று முப்பது, முப்பத்தைந்து நாளில் நட்டாக வேண்டும். நாற்பது தாண்டினால் முற்றிவிடும். ஐம்பது என்றால் மாட்டுக்குத்தான். புரட்டாசி இருபத்திரண்டாம் தாளில் 'நடவு' என்று ஊதா மையில் இருந்தது. அன்று வயல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வாய்க்காலில் நத்தை ஓடு.

மதகு ஏற்றி இறக்குகிற லஸ்கர் ஐயாவுக்கு அவள் தினம் போன் போடுவாள்.

"ஐயாவு அண்ணே, தண்ணி எங்க வருது?"

"நீடாமங்கலம் தாண்டிருச்சும்மா."

மறுநாள்: "எங்கண்ணே வருது?"

"இப்பத்தாம்மா நீடாமங்கலம் தாண்டுது."

பன்னிரண்டு நாள் அந்தத் தண்ணீர் நீடாமங்கலத்தைத் தாண்டிக்கொண்டே இருந்தது. அந்த ஊர் ரயில்வே கேட் மூடினால் திறக்க எவ்வளவு நேரமாகும் என்பது தெரிந்ததுதான். தண்ணீரும் சைக்கிளை ஊன்றிக்கொண்டு கடலைப் பொட்டலத்தோடு அங்கே நிற்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"முறை வெச்சுத்தாம்மா விடுறாங்க. ஆறு நாள் தெறப்பு, ஆறு நாள் அடைப்பு" என்றார் ஐயாவு.

"எங்களுக்கு எப்பண்ணே முறை?"

"மேல உள்ளவங்க பாய்ச்சி முடிச்சுத்தானே? நான் என்ன, மடியிலயா தண்ணிய கட்டி வெச்சிருக்கேன்?"

"ஒரு தேதி சொல்லுங்கண்ணே. பத்து நாளா, இருவது நாளா, வரவே வராதா? எதுவானாலும் சொல்லிருங்க. தாங்கிக்கிறேன். தெரியாம இருக்கிறதைத்தான் தாங்க முடியல."

"எனக்கே யாரும் சொல்றதில்லம்மா" என்றார்.

அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி, வழக்கம்போல ஓங்கி வைப்பதற்குத் தவலையைக் கையில் எடுத்துக்கொண்டே, "என்னங்க, தண்ணி வருமா வராதா?" என்று கேட்டாள்.

பஞ்சநாதன் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதில் இல்லை.

"உங்களைத்தான் கேக்குறேன்."

அவர் திரும்பிப் பார்த்தார். வாய் திறந்தது. ஒன்றும் வரவில்லை. எழுந்து இஞ்சின் கொட்டகைப் பக்கம் போய்விட்டார்.

நாகரத்தினம் தவலையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள். அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை.

அடுத்த நாளும் இல்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் வந்தார், தட்டில் கோடு போட்டார், எழுந்தார். 'குளிக்கிறீங்களா', 'வானதி போன் பண்ணுச்சு, பேசுறீங்களா' என்று எதைக் கேட்டாலும் ஒரு தலையசைப்பு. இருபத்தாறு வருஷமாக எந்தச் சொல்லைக் கேட்டு எரிந்தாளோ, அதைக் கேட்க வேண்டுமென்றே கேள்விகளைக் கண்டுபிடித்துக் கேட்டாள். "நாளைக்கு மழை வருமாங்க?" இல்லை. "பொங்கலுக்கு வானதி வருமாங்க?" இல்லை. 'பார்ப்போம்' என்று சொல்வதற்குக்கூட நாளைக்கு ஒன்று இருக்கிறது என்று நம்ப வேண்டும் போலிருக்கிறது. அவரிடம் அது தீர்ந்துவிட்டது.

ஐப்பசி பிறந்த மூன்றாம் நாள் கொட்டகைக்குள் மண்வெட்டி எடுக்கப் போனாள். பரணில் எப்போதும் மூலையில் ஒட்டடையோடு கிடக்கிற பூச்சி மருந்து பாட்டில், கைக்கெட்டும் கட்டையில் இருந்தது. ஒட்டடை துடைக்கப்பட்டிருந்தது.

வெளியே எட்டிப் பார்த்தாள். அவர் குட்டைக்கரையில் அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். அவள் பாட்டிலைத் துண்டில் சுற்றி, ஒயர் கூடையில் போட்டு, மேலே நான்கு கத்தரிக்காயை வைத்து மூடிக்கொண்டு, மூன்றாவது வீட்டு ஆசியாவிடம் போனாள்.

ஆசியா தையல் மிஷினில் உட்கார்ந்து ரவிக்கைக்குக் கை வைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் சுஹைப் சவூதிக்குப் போய்ப் பதினோரு வருஷம். நடுவில் இரண்டு முறை வந்தான். மற்ற வருஷமெல்லாம் 'இன்ஷா அல்லா அடுத்த பெருநாளைக்கு'.

"இதை உன் வீட்டுல வெச்சிரு. ஏன்னு கேக்காத."

ஆசியா துண்டைத் தொட்டுப் பார்த்தாள். உள்ளே என்ன என்று கைக்குத் தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் எழுந்து போய், இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியைக் கழுத்துச் செயினில் கோத்துக்கொண்டாள். கத்தரிக்காயை மட்டும் பார்த்து, "முத்தலா இருக்கே அக்கா" என்றாள்.

அதைக் கேட்டதும் நாகரத்தினம் அழுதுவிட்டாள். "நாத்தும் முத்திருச்சு புள்ள. நாப்பத்தி நாலு நாளாச்சு. ஊர்ல எல்லாரும் நாத்தங்கால்ல மாட்ட விட்டுட்டு, கட்டாந்தரையிலயே குறுகிய நாள் வெதைய வீசிட்டாங்க. மழை வந்தா மொளைக்கும்ங்கிறாங்க. நாத்தை அழிக்கட்டுமா, வெச்சிருக்கட்டுமா? ஒருத்தராவது உறுதியா ஒரு வார்த்தை சொல்ல மாட்டேங்கிறாங்களே!"

ஆசியா போனை எடுத்தாள். "இருங்கக்கா, இதுல போட்டிருக்கும். ஞாயித்துக்கிழமை… மழை, நாப்பது பர்சண்ட்."

"நாப்பதுன்னா?"

"நூத்துக்கு நாப்பது."

நாகரத்தினம் கண்ணைத் துடைத்துக்கொண்டு விரலை மடக்கினாள். "நூத்துக்கு நாப்பதுன்னா, அஞ்சுக்கு ரெண்டு. அஞ்சு மாவுல ரெண்டு மாவுக்கு மட்டும் பெய்யுமா?"

ஆசியா சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்தாள். முடியவில்லை. "ஐயோ அக்கா! அப்படி இல்ல. வரப்புக்கு இந்தப் பக்கம் நனைச்சு அந்தப் பக்கம் விட்டுட்டா போகும்?"

"பின்ன எப்படி?"

ஆசியா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "வந்தாலும் வரும், வராமலும் போவும்னு அர்த்தம்க்கா."

"இதைச் சொல்றதுக்கு எதுக்கு நம்பரு? இதைத்தானே எங்க வீட்டு மனுஷன் இருவத்தாறு வருஷமா நம்பர் இல்லாமச் சொல்லிக்கிட்டு இருந்தாரு!"

"எங்க வீட்டு இன்ஷா அல்லாவும் அதான்" என்றாள் ஆசியா. மறுபடி மிஷினை மிதித்தாள். "அவரு வருவாருன்னு வீட்டைப் பெருக்குறேன். வரமாட்டாருன்னு ரவிக்கை தைக்கிறேன். ரெண்டையுமே செஞ்சுக்கிட்டுத்தான் கெடக்குறேன். வேற என்ன செய்றது?"

நாகரத்தினம் வெகுநேரம் அந்தத் தையல் ஊசி ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காலிக் கூடையை எடுத்துக்கொண்டு நேரே குட்டைக்கரைக்குப் போனாள்.

"என்னங்க, மூணு மாவுல ஊரோட சேந்து வெதைய வீசிடுவோம். ரெண்டு மாவுக்கு வேண்டிய நாத்தை மட்டும் வெச்சுக்குவோம். மிச்சத்தை மாட்டுக்கு அறுத்துப் போட்டுரலாம்."

அவர் திரும்பினார். அது என்ன ரெண்டு என்று கண் கேட்டது.

"நூத்துக்கு நாப்பது" என்றாள். "எனக்கும் புரியல. பார்ப்போம்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்கே தெரிந்தது. பஞ்சநாதன் முகத்தில் ஏதோ ஒன்று அசைந்தது, உடனே அடங்கியும்விட்டது. ஆனாலும் எழுந்து போய், விதை மூட்டை வாங்கித் தோளில் தூக்கி வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மழை வரவில்லை. திங்கள், செவ்வாய் இல்லை. வைத்திருந்த நாற்று நுனி காய்ந்து, தண்டில் கணு விட ஆரம்பித்தது. குட்டையில் மிச்சமிருந்த சேற்றுத் தண்ணீரைக் குடத்தில் மொண்டு ஊற்றினாள். குடத்துக்குப் பாதி தவளை. ஐப்பசி ஒன்பதாம் தேதி மத்தியானம், வானம் கிழிந்தது போல வந்தது. நூற்றுக்கு நூற்றுநாற்பது. ஐந்து மாவும் நிறைந்து, வீட்டுக்குள்ளும் முழங்கால் அளவு. இரண்டே நாளில் வடிந்தும் விட்டது.

பன்னிரண்டாம் தேதி நடவு. நாற்றுக்கு வயது ஐம்பத்து மூன்று. நடவு செட்டுத் தலைவி சந்திரலேகா கட்டிவைத்த நாற்று முடியைப் பிரித்துப் பார்த்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் தங்கச்சி, இது நாத்தா நாணலா? இதுக்குப் பேத்தி எடுத்துருக்கும் போலருக்கே! தலையையாவது கிள்ளிட்டு நட்டாத்தான் நிக்கும்."

"கிள்ளுங்கக்கா."

"யாரு கிள்றது? வந்ததே ஆறு பேரு. நாலு ஊரு கூப்புடுது. நடச் சொன்னா நடுறோம், கிள்ளச் சொன்னா நாளைக்கு வர்றோம்."

நாளைக்கு என்ன இருக்குமோ யாருக்குத் தெரியும்? "அப்படியே நடுங்க" என்றாள் நாகரத்தினம். தலை கிள்ளாத நாற்று, நட்ட உடனே ஒரு பக்கமாகச் சாய்ந்து, கல்யாண வீட்டில் சாப்பிட்டுப் படுத்தவர்கள் மாதிரிக் கிடந்தது. போகிற வருகிறவர்களெல்லாம் சிரித்தார்கள். வரப்புக்கு அந்தப் பக்கம் மூன்று மாவில் விதைத்தது பச்சைப் பாயாக முளைத்து வந்தது. அதைப் பார்த்து அவளுக்கே தன் இரண்டு மாவின் மேல் வெட்கமாக இருந்தது.

பஞ்சநாதன் வேலை செய்தார். களை எடுத்தார், வரப்புக்கு மண் அணைத்தார். அந்தச் சொல் மட்டும் வரவில்லை. நாகரத்தினம் தினம் கொட்டகைப் பரணைப் பார்த்தாள். அவர் அந்த இடத்தை ஒருநாள் தடவிப் பார்த்ததையும் பார்த்தாள்.

கார்த்திகை பத்தாம் தேதி புயல் சின்னம் என்றார்கள். வருகிறது என்றார்கள், திரும்பிவிட்டது என்றார்கள், நகராமல் நிற்கிறது என்றார்கள். நின்ற இடத்திலேயே நான்கு நாள் கொட்டியது. தண்ணீர் வரவில்லையே என்று அழுத அதே வாய்க்காலில் மேலே உள்ள ஊர்களின் வடிகால் தண்ணீரெல்லாம் சேர்ந்து வந்தது. இப்போது கைத்தடியும் இல்லை, இருமலும் இல்லை. கடலும் வாங்க மறுத்தது. ஐந்து மாவும், ஊர் வயல் அத்தனையும், ஒரே ஏரி.

ஐந்தாம் நாள் மழை விட்டது. தண்ணீர் வடியவில்லை. ஆறாம் நாளும் வடியவில்லை. ஏழாம் நாள் காலையில் நாற்றம் வந்தது. விவசாயி வீட்டில் அந்த நாற்றத்துக்கு விளக்கம் தேவையில்லை; பயிர் அழுகுகிறது. விதைத்த மூன்று மாவில் நாகரத்தினம் கையைவிட்டு ஒரு பிடி எடுத்தாள். கீரைக் கூழாக விரலிடுக்கில் வழிந்தது. ஊர் முழுக்க அப்படித்தான். வரப்புகளில் ஆட்கள் நின்றார்கள்.

"நாகு."

இடுப்பளவு தண்ணீரில் அந்த இரண்டு மாவுக்குள் பஞ்சநாதன் நின்றுகொண்டிருந்தார். அவர் குரலைக் கேட்டு ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகியிருந்ததால் முதலில் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை.

"இங்க வாயேன். நுனி தெரியுது."

அவள் நீந்தாத குறையாகப் போனாள். தண்ணீருக்கு மேலே, விரற்கடை உயரத்தில், இங்கொன்றும் அங்கொன்றுமாக இலை நுனிகள். கிழட்டு நாற்று. தலை கிள்ளாத, ஊர் சிரித்த, உயரமான கிழட்டு நாற்று. பாதிக்கு மேல் மூழ்கித்தான் இருந்தது. வெளியே தெரிந்ததும் மஞ்சளடித்துப் போயிருந்தது. தண்ணீர் வடிந்தால் தேறலாம். வடிந்த பிறகு புதுத் தூர் வெடிக்காமலும் போகலாம். இன்னொரு மழை வந்தால் இதுவும் கூழ். கிள்ளியிருந்தால் இந்த விரற்கடையும் இருந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம். அதற்கு அவள் கெட்டிக்காரத்தனம் காரணமில்லை. ஆறு பேருக்கு மேல் ஆள் வராததுதான்.

"தேறுமாங்க?" என்று கேட்டாள்.

பஞ்சநாதன் ஒரு நுனியை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தார். விட்டார். கிழக்கே வானத்தைப் பார்த்தார். அங்கே இன்னும் கறுப்பு இருந்தது. பிடரியைச் சொறிந்தார்.

"பார்ப்போம்" என்றார்.

நாகரத்தினம் அந்தத் தண்ணீரிலேயே அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். "இருவத்தாறு வருஷமா இந்த ஒரு சொல்லுதானா ஒங்களுக்கு? வேற படிக்கவே இல்லியா?" என்று கத்தினாள். பிறகு அந்த முதுகிலேயே முகத்தை வைத்துக்கொண்டு நின்றாள். வரப்பில் நின்றவர்கள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம், சேற்றுக் காலோடு ஆசியா வீட்டு வாசலில் போய் நின்றாள். சுஹைப்புக்கு இந்தப் பெருநாளைக்கும் லீவு இல்லையென்று ஆசியா சொன்னாள். மூன்று மா போச்சு, இரண்டு மா தெரியாது என்று நாகரத்தினம் சொன்னாள். இருவரும் கொஞ்ச நேரம் மழைத் தண்ணீரில் மிதந்துபோன ஒரு செருப்பைப் பார்த்தார்கள்.

"அண்ணன் பேசிட்டாராமே" என்றாள் ஆசியா.

"பேசிட்டாரு."

ஆசியா கழுத்துச் செயினில் கிடந்த பீரோச் சாவியைத் தொட்டாள். "அப்ப, அந்தப் பொருளு? இப்ப எடுத்துக்கிறீங்களா?"

நாகரத்தினம் வயல் பக்கம் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் வடிந்திருக்கவில்லை.

"வேணாம். ஒங்கிட்டயே இருக்கட்டும்."

"எப்பத்தான்க்கா வாங்கிக்குவீங்க?"

"பார்ப்போம்" என்றாள்.